அளவுத்தாள் பூக்கள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. அவள் நன்றாக இருக்கிறாள். தையல் மிஷினும் நன்றாக ஓடுகிறது. யாராவது கேட்டால் நானும் சுகம்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு வருஷமாக நீ அம்மா பேருக்கு மட்டும்தான் கடிதம் போடுகிறாய். அதில் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவள் அவற்றை அடுக்களையில் உட்கார்ந்து, முன்பக்கத்துத் தையல் கடை வரைக்கும் கேட்கிற குரலில் வாசிப்பாள். தனக்குத்தானே வாசித்துக்கொள்கிறவள் எதற்கு அப்படிக் கத்த வேண்டும்? நானும் மிஷினை நிறுத்திவிட்டு, ஊசியில் நூல் கோக்கிற பாவனையில் உட்கார்ந்திருப்பேன். கடிதம் முடிகிற வரைக்கும் நூல் நுழையாது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் குளிர் போகவே மனசில்லாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. வசந்தம் வந்துவிட்டதென்று காலண்டர் மட்டும்தான் சொல்லிற்று. தெரு மரங்களில் ஒரு துளிர்கூட இல்லை. மரம் பூக்காவிட்டால் நாமே பூக்க வைப்போம் என்று பேக்கரிக்காரர் கிளப்பிவிட்டார். ஒவ்வொரு கடைக்காரரும் முப்பது காகிதப் பூ செய்து, தெருவுக்குக் குறுக்கே நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று முடிவானது. வேலை வெட்டி இல்லாதவர்கள் பேச்சு என்று சொன்னேன். உன் அம்மா அதற்கு முன்பே பேர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

காகிதத்துக்கு எங்கே போவது என்று என்னையே கேட்டாள். வாடிக்கைக்காரர்களின் உடம்பு அளவுக்கு நான் வெட்டிவைக்கிற மெல்லிய தாள்கள்தான் மரப்பெட்டி நிறையக் கிடக்கின்றனவே. மேலே இருப்பதைத் தொடாதே, அடியில் கிடப்பதெல்லாம் பழசு, எடுத்துக்கொள் என்று சாவியைக் கொடுத்துவிட்டு பட்டன் வாங்கப் போய்விட்டேன். என்னைவிடப் பெரிய முட்டாள் இந்த ஊரில் இருந்தால் காட்டு.

நான் போன பிறகு உன் அம்மாவும் பக்கத்துச் செருப்புக்கடை அம்மாவும் உட்கார்ந்துவிட்டார்கள். சட்டைக் கைத் தாள்களை இதழாக வெட்டி, ஐந்தைந்தாக அடுக்கி, நடுவில் கம்பியால் முறுக்கி, ஓரத்தைச் சிவப்பு மையில் தொட்டு எடுத்தார்களாம். மை தானாகவே தாளில் ஊறி மேலே ஏறியதாம். கழுத்துப் பட்டிகள் இலைகளாகிவிட்டன.

நான் திரும்பி வந்தபோது சாயங்கால வெயில் தெருவில் சாய்ந்து கிடந்தது. தலைக்கு மேல் ஒரே பூவாகத் தொங்கியது. எல்லோருக்கும் அது பூ. எனக்கு ஒவ்வொரு வளைவும் யாருடையது என்று தெரிந்தது. ஒரு தோள் தாழ்ந்த தபால்காரர், வயிற்றைத் தளர்வாக அளக்கச் சொல்லும் பல் டாக்டர், போன வருஷம் இறந்துபோன சங்கீத டீச்சர், எல்லோரும் எடையே இல்லாமல் காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கனவுக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. பட்டன் பொட்டலத்தை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நம் கடை வாசலில் உன் அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலுக்கு நேர் மேலே தொங்கிய பூவின் ஒரு இதழில் பென்சில் எழுத்து. 'வாலு, கல்யாணம்', அதன் கீழே தேதி. வாலு என்று உன்னைத் தவிர நான் யாரைக் கூப்பிட்டிருக்கிறேன்? தாளில் பேரும் காரியமும் தேதியும் எழுதாமல் நான் கத்தரி பிடிக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அந்தக் கடிகாரம் பழுதுபார்க்கிறவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ கிளம்பிய அன்று, இனி உனக்கு இந்தக் கையால் ஒரு தையல்கூடப் போட மாட்டேன் என்றேன் அல்லவா? அது முடிந்து ஒன்பதாம் நாள், அம்மா வெளியே போயிருந்தபோது தாளை விரித்து உன் கல்யாண உடைக்கு வெட்டினேன். அளவு நாடாகூட எடுக்கவில்லை. உன் அளவு என் கைக்கே தெரியும். வெட்டி முடித்ததும் பாழாய்ப்போன வீம்பு வந்துவிட்டது. துணி வாங்கவில்லை. யார் கண்ணிலும் படாமல் பெட்டிக்கு அடியில் வைத்தேன். பிறகு நானே மறந்துபோனேன்.

"அவ பேரையே எடுக்கக் கூடாதுன்னு நீங்க சொன்ன வாரம்ங்க இந்தத் தேதி" என்றாள் உன் அம்மா. கண்ணாடி போடவில்லை, எழுத்து தெரியவில்லை என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. அவள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

"ரெண்டு வருஷமா நான் மட்டுந்தான் அழுதுட்டு இருக்கேன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பூவை அறுத்தெடுக்க பேக்கரிக்காரரின் ஏணியை வாங்கி ஏறினேன். பாதித் தெரு கூடி யோசனை சொல்லிற்று. மேலே போனதும் சத்தமெல்லாம் எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. பூக்கள் கன்னத்தில் வந்து வந்து உரசின. வெயில் தாளுக்குள் புகுந்து பென்சில் கோடுகளெல்லாம் தெரிந்தன. உன் கை, உன் தோள் வளைவு. கத்தரியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ, மேலேயே குடியேறிவிட்டேனா என்று பேக்கரிக்காரர் கீழிருந்து கேட்டார். அறுக்காமலே இறங்கிவிட்டேன். இப்போது போகிற வருகிறவர்களெல்லாம் அதை வாசித்துவிட்டுப் போகிறார்கள். போகட்டும்.

ஆக, உன் அளவு இப்போது என்னிடம் இல்லை. இருந்தாலும் உதவாது. உடையெல்லாம் இடுப்பில் பிடிக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, ஏன் பிடிக்கிறது என்கிற வரியை அம்மா மூன்று தடவை வாசித்தாள். அளவைக் குறித்துத் தபாலில் அனுப்பாதே. அடுத்தவர் எடுத்த அளவுக்கு நான் தைத்ததில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, நேரில் வா.

மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அவருக்கும் ஒரு சட்டை தைக்க வேண்டும். தோள் அளவெடுக்க ஒரு ஆளின் முதுகில் இரண்டு கையையும் வைத்துத்தான் ஆக வேண்டும். அப்போது எனக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரமானால், அவரை அசையாமல் நிற்கச் சொல். வாயால் மன்னிப்புக் கேட்க எனக்கு வராது.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா