மைக்கைக் கேட்டு வாங்கிய அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை ஃப்ரீவேயில் கார்கள் நகரவே இல்லை. ரேடியோவைப் போட்டேன். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கேட்டுப் போராடிய தலைவரின் பிறந்தநாள் வரும் ஜனவரி மாதம் அல்லவா, அவர் வாஷிங்டனில் பெருங்கூட்டத்தின் முன் பேசிய அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கேட்கவும் முடியவில்லை, அணைக்கவும் மனம் வரவில்லை. உங்கள் முகம்தான் வந்தது.

நம் டீமில் தமிழ்ப் பெண்கள் நாம் இருவர்தான். மேனேஜரும் தமிழர். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு வரும் ஒரு பாட்லக் மதியத்தில் எலுமிச்சை சாதத் தட்டோடு உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"விருதுநகர் பக்கம்னு சொன்னீங்களே, ஊருக்குள்ள எங்க? எந்தத் தெரு?"

"காலனிங்க" என்றீர்கள், கொஞ்சமும் தயங்காமல். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். என்னிடமும் முன்பு கேட்டிருந்தார். என் பதில் அவருக்குப் பிடித்திருந்தது.

அதன்பின் மீட்டிங்குகளுக்கு உங்களை அழைப்பது நின்றது. நீங்கள் செய்த வேலை வேறொருவர் பெயரில் வந்தது. "வேற கம்பெனிக்கு அப்ளை பண்ணுங்கக்கா" என்றேன்.

"எங்கிட்டு போறது? கிரீன் கார்டு ஃபைல் பாதியில நிக்குது. இப்ப விட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். எங்க வீட்டுக்காரரு வேலையும் என் விசாவுலதானடி தொங்குது."

அடுத்த ஜனவரியில் கேன்டீனில் அந்தப் பேச்சை ஆளுக்கொரு பகுதியாக வாசித்தார்கள். மேனேஜரும் வாசித்தார். குரல் தழுதழுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் எழுந்து போய் மைக்கைக் கேட்டு வாங்கினீர்கள்.  தெருவைச் சொன்ன நாளிலிருந்து இந்த டீமில் எனக்கு இடமில்லை, கேட்டவர் இப்போது வாசித்தவர்தான் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னீர்கள். யாரும் கைதட்டவில்லை. டெஸ்டிங்கில் இருந்த கறுப்பினப் பெண்மணி மட்டும் தன் தட்டை எடுத்துக்கொண்டு நம் மேஜைக்கு வந்தார். அன்றிலிருந்து தினமும் வந்தார்.

எச்ஆர் உங்களை அழைத்து, இருவரும் ஒரே நாடு, ஒரே மொழி, இதில் பாகுபாடு எங்கே என்று கேட்டு முடித்துக்கொண்டது. வெளியே வந்து சிரித்தீர்கள். "அவுங்களுக்குப் புரியலைடி. சொல்லிக்கிட்டேதான் இருக்கணும்."

சொல்ல உங்களுக்குக் காலம் வாய்க்கவில்லை. புற்றுநோய் வந்தது. கீமோவுக்கு நடுவிலும் அதே மேனேஜரிடம்தான் வேலை பார்த்தீர்கள். விசாவும் இன்ஷூரன்சும் அங்கேதானே இருந்தன. கிரீன் கார்டு வராமலே கண்ணை மூடிவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரர் மகளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். என் ஃபைலும் அங்கேயே நிற்கிறது. போன மாதம் வேறொருவரும் இதேபோல அந்த மேனேஜர் மேல் புகார் கொடுத்தார். விசாரிக்க வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். உங்களுக்கு நடந்ததைச் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டார்கள்.

"நம்ம கிரீன் கார்டும் அவங்க கையிலதான். யோசிச்சுக்கோ" என்றார் என் கணவர். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. எனக்கும் அதே பயம்தான். ஆனாலும் போனேன். பாட்லக்கில் தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். நம்மூரில் தெருவைக் கேட்பது ஜாதியைக் கேட்பதுதான் என்று விளக்கவே வெகுநேரம் ஆனது.

கடைசியில், நீங்கள் எனக்கு யார் என்று வக்கீல் கேட்டார். கூட வேலை செய்தவர் என்று அவரே எழுதப் போனார்.

"சிஸ்டர்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் அதையே சொன்னேன்.

முடிவு இன்னும் வரவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், இனி அதை மாற்றிச் சொல்ல மாட்டேன், அக்கா.