சொல்தா வீட்டுப் பேரனுக்கு ஒரு கையெழுத்து

என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "ஏ புள்ள" என்றே கூப்பிட்ட என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. வருஷ திதியும் முடிந்தது. உங்கள் பேரன் தினேஷ் பிளஸ் டூ தேறிவிட்டான், கணக்கில் மட்டும் கொஞ்சம் இடித்தது. நம் ஊர் பூவத்தில் இருக்கும் நிலத்தை இந்த வருடமும் குத்தகைக்குத்தான் விட்டிருக்கிறேன்.

இப்படி நல்ல செய்தியாகவே எழுதிக்கொண்டு போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. எனக்குக் குமட்டுகிறது அப்பா. மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். யார் மேல் இந்த அருவருப்பு என்று யோசித்தால் முதலில் ஊர் வருகிறது, அப்புறம் நான் வருகிறேன், கடைசியில் நீங்களும் வருகிறீர்கள். இதை மடித்து அலமாரிக்குள் வைக்கப் போவதில்லை. பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உங்கள் சாவன்று ஊர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். அதனால் ஊர் முன்னாலேயே பேசிவிடுகிறேன்.

வெளியூர்க்காரர்கள் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை எங்கள் காரைக்காலில் சொல்தா என்போம். அவருக்கும் அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அந்த அடையாள அட்டைக்கு ஊரில் ஒரே பெயர், கார்ட். என்னைப் பெண் பார்க்க வந்தவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கார்டைத்தான் பார்த்தார். நீங்களும் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினீர்கள். பாவம், அந்த மனிதர் கடைசிவரை பிரான்ஸைப் பார்க்காமலே தினேஷுக்கு ஒன்பது வயது இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்.

நீங்கள் போன கொஞ்ச நாளில் எல்லையில் சண்டை வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்காது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டாசு வெடித்தார்கள். எங்கேயோ குண்டு விழுந்தது என்று போனில் படித்துவிட்டு ஜாங்கிரி கொடுத்தார்கள் அப்பா. என் கையிலும் ஒன்றை வைத்தார்கள். பாகு விரலில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன், அப்படியும் அந்தப் பிசுபிசுப்பு போனதாகத் தோன்றவில்லை.

துணிக்கடை ஜமீலா லாத்தாவிடம் போய்ப் புலம்பினேன். லாத்தா புடவைப் பெட்டிகளின் அட்டையைக் கிழித்து என் கையில் கொடுத்து, "பொலம்பி என்னா ஆவப் போவுது? எழுது, நின்னு பாப்பம்" என்றார். "சண்டை வேண்டாம்" என்று எழுதினோம். அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்களும் பஸ் ஸ்டாண்டு எதிரில் நின்றோம். அரை மணி நேரம்கூட இருக்காது.

லாத்தாவைப் பார்த்து அங்கே கூடியவர்கள் சொன்னதை எழுத என் கை கூசுகிறது. லாத்தாவின் வீட்டுக்காரரும் அவர் வாப்பாவும் இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊர் மண்ணிலேயே அடக்கமானவர்கள். அவரைப் பார்த்து எந்த நாட்டுக்குப் போகச் சொன்னார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம். என்னை ஒருவர் வேறு விதமாகக் கேட்டார்.

"ஒங்களுக்கு என்னா டீச்சர்? கார்ட் இருக்கு. இங்க குண்டு விழுந்தா ப்ளைட் ஏறிப் பறந்துடுவீங்க. சண்டை வேணுமா வேணாமான்னு நாங்க பேசிக்கிறோம், நீங்க வீட்டுக்குப் போங்க."

அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை. என் தம்ளரில் இருந்த பால், என் காதில் இருந்த தோடு, நான் படித்த படிப்பு எல்லாமே ஒரு சண்டையில் நீங்கள் சம்பாதித்தது. அதைத் தின்று வளர்ந்தவள் அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வராதா? வீட்டுக்கு வந்தால் தினேஷ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என் பசங்கல்லாம் பாத்துட்டானுவொம்மா. அசிங்கமா இருக்கு" என்றான்.

அன்றே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் என்னிடம் சொன்னதை.

நினைவிருக்கிறதா? ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தீர்கள். டிவியில் எந்த நாட்டிலோ வீடுகள் எரிவதைக் காட்டினார்கள். அணைக்கச் சொன்னீர்கள். கையில் பிசைந்த சோறு அப்படியே இருக்க, பிரெஞ்சுக்காரனை எதிர்த்து விடுதலைச் சண்டை நடந்த அல்ஜீரியாவில் ஒரு மலை ஊரைப் பற்றிப் பேசினீர்கள். உங்கள் வாயிலிருந்து அந்த நாட்டின் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அறுப்பு முடிஞ்சு களத்துல கோதுமை அம்பாரமா கெடந்துது புள்ள. நம்ம பூவத்துல நெல்லு கெடக்குமே, அதே மாதிரிதான். அந்த ஊரு சனம் காட்டுல இருக்குறவனுவொளுக்குச் சோறு போடுறாங்கன்னு ஆப்பீசர் சொன்னான். தீ வையின்னான். சொன்னாங்க, செஞ்சேன். ஒரு பொம்பள ஓடியாந்து நெருப்போட சேத்து ரெண்டு கையாலயும் அள்ளுறா. அள்ளி மடியில போடுறா. நான் துப்பாக்கிக் கட்டையால அவள நெட்டித் தள்ளுனேன். திரும்பவும் வந்து அள்ளுறா."

தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துவிட்டீர்கள். பட்டாளத்திலிருந்து திரும்பியபின் நம் வயலில் அறுப்பு நடக்கும்போது நீங்கள் ஏன் ஒரு நாளும் களத்துப் பக்கம் வந்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சொல்தா துரை ஆகிவிட்டார், காலில் தூசி படக் கூடாதாம் என்று பூவமே கேலி செய்தது. நானும் சின்ன வயதில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நீங்கள் செத்த அன்று ஓய்வு பெற்ற சொல்தாக்களின் சங்கத்திலிருந்து கோட்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். உங்கள் மேல் மூவர்ணக் கொடியைப் போர்த்தினார்கள், பிரெஞ்சுக்காரனுடையதை. மெடல்களை ஒரு தாம்பாளத்தில் பரப்பி, வெற்றிலைபாக்கு வைப்பதைப் போல உங்கள் தலைமாட்டில் வைத்தார்கள். சங்கத் தலைவர் "அல்ஜீரியாவில் தீரமாகப் போரிட்ட வீரர்" என்று பேசினார். தினேஷ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் பக்கத்தில் நின்றான். எனக்கு அந்தப் பெண்ணின் மடி கண்ணில் நின்றது. இருந்தும் கைகூப்பி எல்லோருக்கும் நன்றி சொன்னேன். சீ, என்ன பிறவி நான்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தினேஷ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேரப் போகிறானாம். போனில் அவர்கள் போடும் வீடியோவை நானும் பார்த்தேன். பனி மலை, கயிறு, ஹெலிகாப்டர், சிரிக்கும் பையன்கள். ஒரு வீடியோவிலும் எதிரில் ஆளே இல்லை. அவனோடு படித்த, கார்ட் இல்லாத பையன்கள் விடிகாலையில் கடற்கரை ரோட்டில் மூச்சிரைக்க ஓடுகிறார்கள், இந்த நாட்டுப் பட்டாளத்துக்கு. அவர்களையும் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சட்டை மட்டும்தான் வேறு. பதினேழு வயதுப் பிள்ளைகளின் காலைத் தட்டிப் பார்த்து, நெஞ்சை அளந்து, மாடு பிடிப்பதைப் போலப் பிடிக்கிறார்களே, இதற்குக் கூச்சமே இல்லையா யாருக்கும்?

அவனுக்குப் பதினெட்டு முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதனால் அம்மா கையெழுத்து வேண்டும். வியாழக்கிழமை படிவத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, அதன் மேல் பேனாவையும் வைத்தான். கூடவே ஒரு பழைய உறை. "தாத்தா எழுதிக் குடுத்த சிபாரிசும்மா" என்றான். உங்கள் கையெழுத்து அப்பா. நீங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்னால் சங்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்குப் பிரெஞ்சு வராது. அவன்தான் பெருமையாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தான்.

"என் பேரன் நல்ல பிள்ளை. கீழ்ப்படிதல் உள்ளவன். சொன்னதைச் செய்வான். ஏன் என்று கேட்க மாட்டான்."

என் வாய்க்குள் அந்த ஜாங்கிரி பாகு ஊறியதைப் போல் இருந்தது. உறையை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"தாத்தா ஒங்கிட்ட கோதுமைக் களத்தப் பத்திச் சொல்லிருக்காரா?"

"சொல்லிருக்காரே."

"என்னான்னு?"

"தீ வைக்கச் சொன்னாங்க, வச்சேன்னு. அதுக்கு என்னாம்மா இப்ப? அது வேலை."

அவனுக்கு எல்லாம் தெரியும் அப்பா. அந்தப் பெண் ஓடிவந்தது வரைக்கும் தெரியும். நான் என்னமோ பெரிய ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மறுகிக்கொண்டிருந்தேன். என்னிடம் சோற்றை விட்டு எழுந்தீர்கள், அவனுக்காகப் பேனாவை எடுத்தீர்கள். இதில் எது நீங்கள்? ஊரில் வேறு என்ன வேலை இருக்கிறது, பையன் பிழைத்துப் போகட்டும் என்று நினைத்தீர்களா? இல்லை, நீங்கள் செய்ததை உங்கள் ரத்தமும் செய்துவிட்டால் அது பாவம் இல்லை, வெறும் வேலை என்று ஆகிவிடும் என்று நினைத்தீர்களா? இப்படியெல்லாம் உங்களைக் கேட்கிறேனே என்று எனக்கே அழுகை வருகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உங்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அவனை அப்படி வளர்த்தது யார்? சின்ன வயதில் "ஏம்மா?" என்று அவன் இழுத்தால் "எதுத்துப் பேசாத" என்று வாயில் அடித்தவள் நான்தான். நெரவிப் பள்ளியில் இருபது வருடமாகப் பிள்ளைகளைக் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து உட்கார வைக்கிறேன். என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும் என்று பெற்றவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். எந்த ஆப்பீசருக்காக இத்தனை பேரைத் தயார் செய்து வைத்திருக்கிறேனோ!

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக்குள் படிவம் வேண்டும் என்று காலையில் வந்து நின்றான். போட மாட்டேன் என்றேன்.

"தாத்தா இருந்தா போடச் சொல்லிருப்பாரு. நீயும் பேசாம போட்டுருப்ப" என்றான்.

உண்மைதான். போட்டிருப்பேன்.

"அஞ்சு மாசம் போனா ஒங் கையெழுத்தே எனக்கு வேணாம்" என்றான்.

"போ. ஆனா போறதுக்கு ஒரு காரணம் சொல்லு. கார்ட் இருக்கு, தாத்தா போனாரு, கூட்டாளிங்க போறானுவொ, இந்த மூணயும் உட்டுட்டு ஒன்னு சொல்லு."

நின்றான். மேஜையில் இருந்த படிவத்தை எடுத்தான், திரும்பவும் வைத்தான். சட்டென்று முகமெல்லாம் சிவந்து, "ஏன் சொல்லணும்? ஒனக்கு நான் ஏன் சொல்லணும்?" என்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டு வெளியே போய்விட்டான்.

பெற்ற தாயை எதிர்த்துக் கத்திய பிள்ளையைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை அப்பா. மூன்று நாளைக்குப் பிறகு இன்றுதான் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த ஐந்து மாதமும் அவனை ஒவ்வொரு நாளும் அப்படிக் கத்த வைப்பேன். ஏன் என்று கேட்டால் இனி அடிக்க மாட்டேன், பதில் சொல்வேன். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்பேன். ஜமீலா லாத்தாவோடு அட்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் நிற்பேன், கார்டைப் பற்றிக் கேட்டால் நீங்கள் எரித்த களத்தைப் பற்றிச் சொல்வேன். அப்படியும் அவன் போனால் போகட்டும். ஆனால் என்றைக்காவது ஒருவன் ஒரு களத்தைக் காட்டித் தீ வை என்று சொல்லும்போது, இன்று என்னிடம் கேட்டதைப் போல அவனிடமும் ஏன் என்று கேட்கிற பிள்ளையாகத்தான் அவனை இந்த வீட்டை விட்டு அனுப்புவேன். நீங்கள் அவனைப் பற்றி எழுதிக் கொடுத்ததைப் பொய்யாக்கிவிட்டுத்தான் ஓய்வேன்.

உங்கள் பேச்சை இன்றுதான் முதன்முதலாக மீறும்,
உங்கள் மகள்
மலர்விழி