சும்மா போன ஞாயிறுகள்

மதினி,

இன்று காலை சந்தையில் உங்கள் கூடை மறுபடியும் கவிழ்ந்துவிட்டது. தரையில் வைத்துவிட்டு முருங்கைக்காய் பொறுக்கத் திரும்பினேன். அதற்குள் தக்காளி எல்லாம் உருண்டு எதிர்க்கடைக் கீரைக்கட்டு வரை போய்விட்டது. பச்சையும் மஞ்சளுமாக நீங்கள் முதன்முதலில் போட்ட வயர்க்கூடை அது. அடி ஒரு பக்கம் தூக்கலாக இருக்கும். கடைக்காரம்மா தக்காளியைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, "ஏங்க்கா, இந்தக் கூடைய மாத்தவே மாட்டியளா? ஒரு பக்கமாச் சாயுதுல்லா" என்றாள்.

"எங்க மதினி போட்டது. சாயத்தான் செய்யும்" என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து காய்களை எடுத்துவைக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் இறந்து முதல் திவசம் முடிந்த மறுவாரம் நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு என் வீட்டுக்கு வந்தீர்கள். உங்கள் பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள். மடவார் வளாகத்து வீட்டில் நீங்கள் மட்டும்தான். நான் நைட்டி தைக்கும் கம்பெனியில் வாரம் முழுக்க மிஷினில் குனிந்து கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் துவைக்கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"ஏட்டி மாரி, மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமைய எனக்குக் குடு" என்றீர்கள்.

"எதுக்கு மதினி?"

"நாம வீட்ட விட்டு எதுக்குப் போறோம், சொல்லு பாப்போம். கல்யாணம், காதுகுத்து, துக்கங்கேக்கத் துட்டி வீடு, இல்லன்னா ஒரு வேண்டுதலு. ஒண்ணுமே இல்லாம, சும்மா, நமக்காக எங்கயாச்சும் போயிருக்கமா?"

சோப்பு நுரைக் கையோடு யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நாள்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"தூரமா வேண்டாம். சாயந்தரம் வெளக்கு வைக்க வீடு திரும்பிரணும். பக்கத்துல இருக்கதையே நாம பாக்கலியே" என்றீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தில் துக்கம் இல்லாமல் இல்லை. அதற்கு நடுவிலும் ஒரு பிடிவாதம் இருந்தது. நடக்கப் பழகும் பிள்ளை விழுந்து எழுந்ததும் மறுபடி காலைத் தூக்கி வைக்குமே, அந்த மாதிரி.

முதலில் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போனோம். உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த காலம் முழுக்க நீங்கள் பார்க்காத இடம். ஓடைத் தண்ணீரில் காலைவிட்டு உட்கார்ந்தோம். மரத்தின் உச்சியில் வாலைத் தொங்கப்போட்டபடி ஒரு மலையணில் படுத்திருந்தது. "வேலையத்துப் படுத்திருக்கு பாரு. அது யாருகிட்டயாச்சும் கேட்டுட்டா படுத்திருக்கு?" என்றீர்கள். அந்த வழியாகச் சாமி கும்பிட வந்த உங்கள் தெருக்காரர் ஒருவர் நம்மைப் பார்த்து நின்று, "என்ன, வேண்டுதலா?" என்று கேட்டார்.

"இல்லண்ணாச்சி. சும்மா வந்தோம்" என்றீர்கள். அவர் நம்மை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த மாதம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயிலில் போனோம். எத்தனையோ முறை பஸ்ஸில் போன வழிதான். ரயிலிலிருந்து பார்த்தால் அதே மலை வேறு மலையாகத் தெரிகிறது என்று ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னீர்கள். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை நான் பிரிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டு, சிரித்து, அடுத்த ரயிலில் திரும்பி வந்தோம்.

மழைக்காலத்தில் வெளியே போக முடியாத ஞாயிறுகளில் கைவேலை. போனில் வீடியோ பார்த்து வயர்க்கூடை போடப் பழகினீர்கள். முடிச்சு தப்பும்போதெல்லாம் அந்த வீடியோப் பெண்ணைத் திட்டுவீர்கள். "நீ வேகமாப் போட்டுக் காட்டிட்டுப் போயிருவ, இங்க இருக்கவ என்ன செய்ய?" என்பீர்கள். உங்கள் சின்ன மகன் போனில் பேசும்போது, "எதுக்கும்மா கஷ்டப்படுதிய, கடையில நல்ல கூடையா வாங்கித் தாரேன்" என்றான். "கூடை வேணும்னா போடுதேன்? எனக்குப் போடணும்லா வேணும்" என்றீர்கள். நான் போட்டது நேராக வந்தது. உங்களுடையது சாய்ந்தது. மாற்றிக்கொள்வோம் என்று நீங்கள்தான் என் கூடையைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

அப்புறம் புத்தகம். எட்டாம் வகுப்போடு நின்றவர் நீங்கள். கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, தீபாவளிக்குள் ஒரு பெரிய நாவலை முடித்தே தீருவது என்று சபதம் எடுத்தீர்கள். விரலை வரியில் ஓட்டி, வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பீர்கள். நானும் படிக்க வேண்டும் என்று பாதிப் புத்தகத்தில் என்னிடம் தருவீர்கள், பொறுக்க முடியாமல் மறுவாரமே வந்து திரும்ப வாங்கிப் போவீர்கள். ஒருநாள் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டீர்கள். என்ன ஆபத்தோ என்று ஓடிவந்தேன்.

"ஏட்டி, கடைசிப் பக்கங்களக் காணோம்! எவனோ கிழிச்சிட்டுப் போயிட்டான். அந்தப் பொண்ணு வீட்ட விட்டுக் கெளம்பி பஸ் ஸ்டாண்டுல நிக்கா. பஸ் வருது. அதோட போச்சு!"

அந்தக் கதைக்கு ஆளுக்கொரு முடிவு சொன்னோம். நான் அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். உங்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "பஸ்ஸு வந்த பொறவு ஏத்திவிடாம எவளாச்சும் திருப்பி அனுப்புவாளா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று தெருவில் நின்று சண்டை போட்டீர்கள். வேறு ஊர் நூலகத்தில் முழுப் புத்தகம் இருக்கும் என்று நூலகர் சொல்லியும் நீங்கள் தேடவில்லை. உங்கள் முடிவே போதும் என்றீர்கள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. மகாராஜபுரத்தில் பெரியண்ணன் வீட்டுப் பேத்திக்குக் காதுகுத்து நடந்த அன்று பந்தி முடிகிற நேரம். நீங்கள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். பெரியண்ணன் எல்லார் காதிலும் விழும்படி ஆரம்பித்தார்.

"தம்பி போயிட்டான். அவன் பேரு இன்னும் இருக்கு. புருசன் இல்லாத பொம்பள ஊர் ஊராச் சுத்துதாளேன்னு நாலு பேரு எங்கிட்ட வந்து கேக்கான். நான் என்ன சொல்ல?"

என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் அந்த வரிசைக்கு மோரை ஊற்றி முடித்தீர்கள். வாளியைக் கீழே வைத்தீர்கள்.

"அத்தான், அவிய இருந்தப்போ எங்க போனாலும் சொல்லிட்டுத்தான் போவேன். இப்பவும் சொல்லிட்டே போறேன். அடுத்த ஞாயித்துக்கெழமை சஞ்சீவி மலை ஏறப் போறோம். கேக்குற நாலு பேர்கிட்டயும் சொல்லிருங்க. வாரதுன்னா அவியளும் வரட்டும்."

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தது கேட்டது. பெரியண்ணன் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் நான்தான் பயந்துபோய்ச் சொன்னேன். "மதினி, மலைமேல முருகன் கோயில் இருக்குல்லா. வேண்டுதல்னு சொல்லிருவோம். ஒருத்தரும் ஒண்ணும் பேச மாட்டாக."

நீங்கள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தீர்கள். "பொய் சொல்லிட்டுப் போனா அது திருட்டு மாதிரி ஆயிரும்ட்டி. நாம என்ன திருடுதோம்? சாமி கும்பிடப் போனா சாமி கும்பிடப் போறேன்னு சொல்லுவேன். சும்மா போனா சும்மான்னுதான் சொல்லுவேன்."

சொன்னபடியே ஏறினோம். பாதிப் படிகளில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து வந்தீர்கள். "எறங்கிருவோம் மதினி" என்றேன். "மோர் வாளியக் கீழ வச்சுட்டுச் சொல்லியாச்சு, மேல போயே ஆகணும்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். உச்சிக்குப் போனதும் ராஜபாளையம் முழுவதும் கீழே கிடந்தது. பஞ்சாலைக் கூரைகள், கண்மாய், தென்னந்தோப்புகள், அந்தப் பக்கம் மலைத்தொடர். என் வீட்டைக் கண்டுபிடிக்கப் பார்த்தோம், முடியவில்லை. "அம்புட்டுச் சின்ன வீட்டுக்குள்ளயா இம்புட்டுப் பேச்சுப் பேசுதாக" என்றீர்கள்.

இறங்கி வந்தபோது உங்கள் காலில் நீலமாகக் கன்றிய திட்டுகள் இருந்ததைப் பார்த்தேன். எங்கும் இடித்துக்கொண்டதாக உங்களுக்கு நினைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார். ரத்தத்தில் புற்று என்று அங்கே சொன்னார்கள். உங்கள் மகன்கள் லீவு போட்டு வந்தார்கள். மாறி மாறி அழுதோம். நீங்கள் மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்து பெட் பெண்ணிடம் கொக்கி ஊசி பின்னல் பழகிக்கொண்டிருந்தீர்கள். "இதுவும் புதுசுதான. சும்மா படுத்திருக்கதுக்கு இதச் செய்யலாம்லா" என்றீர்கள். மருந்து ஏறும் கையை அசைக்கக் கூடாது என்று நர்ஸ் சத்தம் போட்டதும், நூலையும் ஊசியையும் என்னிடம் தந்து பின்னச் சொன்னீர்கள். எனக்கு வரவில்லை. உங்களுக்கு ஒரே சிரிப்பு.

நான் ஒருநாள் உடைந்துபோய், "நீங்க இல்லாம நான் எங்க மதினி போவேன்" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. கொஞ்சம் எரிச்சலோடுதான் பேசினீர்கள். "நான் இல்லன்னாலும் ஞாயித்துக்கெழமை வரத்தான் செய்யும். அன்னைக்கும் துணி தொவச்சுக்கிட்டு இருந்தன்னா கொன்னுருவேன்."

சித்திரை பிறப்பதற்கு முன் போய்விட்டீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன் மதினி, அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் துணிதான் துவைத்தேன். கோடை போய் ஆடிக்காற்றும் அடித்து ஓய்ந்தது. ஒரு ஞாயிறு விடிந்தபோது, துவைக்கல் முன்னால் குந்தியிருந்தவள் எழுந்தேன். கையைத் துடைத்தேன். "பிளவக்கல் டேமுக்குப் போயிட்டு வாரேன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரைத் தாழ்த்தி, "யாரோட?" என்றார். "ஒத்தையில" என்றேன். பேப்பரை மடித்து வைத்தார். "துணிய நான் அலசிப் போடுதேன், போ" என்றார். பந்தியில் வாய் திறக்காதவர் அவர். அன்று திறந்தார்.

அணைக்குப் போக வத்திராயிருப்பு பக்கம்தான் போக வேண்டும். மகாராஜபுரத்தில் பஸ் நின்றது. எதற்கென்று யோசிக்காமல் இறங்கி, பெரியண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, திடீர்னு? யாருக்கும் எதும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலண்ணே. டேமுக்குப் போறேன். பெரிய மதினியவும் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்ன விசேசம்?"

"விசேசம் ஒண்ணும் இல்ல. சும்மாத்தான்." நான் தலையைக் குனியவில்லை.

அண்ணன் கயிற்றைப் பார்த்தபடியே, "அவளுக்கு வேலை கெடக்கு" என்றார்.

உள்ளேயிருந்து பெரிய மதினியின் குரல் வந்தது. அவர் அந்த வீட்டில் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "வேலை நாளைக்கும் கெடக்கும். செத்த நேரம் நில்லு மாரி, சேலைய மாத்திட்டு வாரேன்." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காதுகுத்தன்று பின்வரிசையில் சிரித்தது இவர்தான்.

அண்ணன் முறுக்கிய கயிற்றைப் பிரித்து மறுபடி முறுக்கினார். நாங்கள் தெருவில் இறங்கிய பிறகு பின்னாலிருந்து, "வெயிலு அடிக்கும். கொடைய எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அணையில் தண்ணீர் நிறைய இருந்தது. பெரிய மதினி கரையில் நின்று, எதிரே இருந்த மலையைப் பார்த்து, வாயில் இரண்டு கையையும் வைத்து ஒரு கூவல் கூவினார். மலை திருப்பிக் கூவியது. அவர் பயந்துபோய் என் கையைப் பிடித்தார். பிறகு சிரித்தார். பிறகு நிறுத்தவே இல்லை. அணையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்களிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டேன் என்று இன்று யோசித்தேன். ஒரு இடத்துக்குப் போவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதை எடுத்துக்கொண்டேன். சரியாக வராத வேலையையும் விடாமல் செய்யலாம் என்பதை எடுத்துக்கொண்டேன். பயம் போகவில்லை மதினி. ஒவ்வொரு தடவையும் வாசற்படியில் ஒரு நிமிஷம் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. அதோடேயே இறங்கிவிடுகிறேன்.

இந்த மாதம் நமக்குப் பழக்கமே இல்லாத ஒன்றைப் பிடித்திருக்கிறேன். கம்பெனியில் என் பக்கத்து மிஷின்காரி வன்னியம்பட்டியிலிருந்து வருகிறாள். அவளுடைய ஊர் மைதானத்தில் வருகிற ஞாயிறு எனக்குச் சைக்கிள் சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்த வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறப் போகிறேன். பெரிய மதினி பின்னால் பிடித்துக்கொள்ள வருகிறாராம். விழத்தான் செய்வேன். முழங்கால் சிராய்க்கும்.

சிராய்க்கட்டும்.

உங்கள்
மாரி