தீக்குச்சி அளவில் எட்டுச் சக்கர லாரி

தாயில்பட்டி
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் காளீஸ்வரனுக்கு அப்பா சங்கிலிமுத்து எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் மூன்று கோழிகளும்தான். நீ அந்தக் குளிரில் சுகமாக இருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இது ஆள் வைத்து எழுதிய கடிதம் இல்லை. என் கையால் எழுதுகிறேன். ஒரு மணி நேரத்துக்குப் பத்து வரி வருகிறது. விரல் வலிக்கிறது, ஆனால் நிறுத்த மனசு வரவில்லை. ஆர்த்தி டீச்சர் தப்பைத் திருத்திக் கொடுத்த பிறகு சுத்தமாக இன்னொரு தாளில் எழுதுகிறேன். வரி கோணினால் மன்னித்துக்கொள்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. நீ பேசி மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. நான் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. சிக்னல் இல்லையா, டியூட்டியா, இல்லை நான் அனுப்பிய லாரியால் வந்த வினையா?

அந்த லாரியை எப்படிச் செய்தேன் என்று உனக்குச் சொல்லவே இல்லை. பட்டாளத்தில் நீ ஓட்டுகிற வண்டியைப் படம் எடுக்க விட மாட்டார்கள் என்றாய். அதனால் நீ போனில் சொன்னதை வைத்தே செய்தேன். டயர் உன் நெஞ்சு உயரம் என்றாய் அல்லவா? உன்னை ஒரு தீக்குச்சி என்று வைத்துக்கொண்டேன். அப்படியென்றால் டயர் முக்கால் குச்சி. வண்டி நீளம் ஐந்தரைக் குச்சி. இந்தக் கணக்குப் பிடிபட்ட அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

தரைச்சக்கரப் பட்டாசுக்குக் காகிதம் சுற்றுகிற மாதிரியே அட்டை நாடாவில் பசை தொட்டு எட்டு டயரையும் சுற்றினேன். ஒரு டயருக்கு நாற்பத்திரண்டு சுற்று. ஒரு சுற்றுக் கூடினாலும் பக்கத்து டயரோடு உரசுகிறது. அடிச்சட்டம் காலண்டர் பிரஸ்ஸில் கழித்த பெட்டி அட்டை, நான்கு மடிப்பு. தார்ப்பாய் பழைய குடைத்துணி. ஸ்டியரிங் என் சட்டைப் பொத்தான். அச்சுக்கு மத்தாப்புக் கம்பி. முன்பக்கம் நான்கு சக்கரமும் திரும்பும் என்று நீ சொன்னதைத் தெருமுனை முத்துக்கருப்பன் நம்பவில்லை. “ஏலே சங்கிலி, நாலும் திரும்புனா வண்டி எங்கிட்டுப் போகும்? ஒம் மகன் நல்லாக் கதை விடுதான்” என்றான். நான் திருப்பிக் காட்டினேன். அதற்கப்புறம் அவன் அதைக் கீழேயே வைக்கவில்லை.

தபால் ஆபீஸ் அம்மா, பட்டாசு செய்கிற இந்தப் பக்கத்துப் பார்சல் என்றதும் பட்டாசா என்று கேட்டார்கள். “பட்டாசு இல்லம்மா, மிலிட்டரி லாரி” என்றேன். வரிசையே சிரித்தது. பிரித்துக் காட்டினேன். அவர்களே மேசையில் ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் சீல் வைத்தார்கள்.

பிறகு நீ போனில் சொன்னது எனக்குப் பாதிதான் விளங்கியது. கேம்ப் வாசலில் மோப்ப நாய் பார்சல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டதாம். உட்கார்ந்தால் என்ன? நம்ம தெரு நாயும்தான் கண்ட இடத்தில் உட்காருகிறது. ஆனால் அந்த நாய் உட்கார்ந்தால் உள்ளே வெடிமருந்து இருக்கிறது என்று அர்த்தமாம். ஆட்களை விலக்கி, லாரியைத் தண்ணீரில் முக்கி, உன்னை இரண்டு மணி நேரம் நிற்கவைத்து விசாரித்தார்களாம். கடைசியில் பெரிய அதிகாரி சிரித்துவிட்டார் என்று நீயே சொன்னாய். நீயும் சிரித்தாய். அப்புறம் குரல் மாறி, “அந்தக் கம்பி எங்கனப்பா கெடச்சுச்சு?” என்று கேட்டாய். கடையில் என்றேன். போன் நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை. இந்த இடத்திலேயே இரண்டு நாள் நின்றுவிட்டேன்.

மருந்தில் முக்கிய பிறகு கழித்த கம்பியை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். அது பட்டாசுக் கம்பெனிக் கழிவுக் கூடையில் எடுத்தது. கத்தியால் சுரண்டினேன், போய்விட்டது என்று நினைத்தேன். அந்த வாடை நம் மூக்குக்குத் தெரிவதில்லை. நாய்க்குத் தெரிந்திருக்கிறது. உனக்கும் தெரிந்துவிட்டது.

காலண்டர் பிரஸ்ஸில் வாட்ச்மேன் வேலை என்று உன்னிடம் சொன்னது பொய். உன் அம்மா குருவம்மாளை எரித்துவிட்டு வந்த அன்று, இனி அந்தக் கம்பெனியில் கால் வைக்க மாட்டேன் என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன். எட்டு மாதம் வைக்கவில்லை. பிறகு ஏன் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. காலை ஏழு மணிக்கு வேன் ஹாரன் அடிக்கும். எல்லோரும் ஏறிப் போன பிறகு தெருவில் சத்தமே இருக்காது. ஒரு நாள் முத்துக்கருப்பன், “சும்மா வந்து ஒக்காருலே, ஒன்னய யாரு வேலை பாக்கச் சொன்னா” என்றான். ஏறிவிட்டேன். வெறும் காகிதக் குழாய் சுற்றுகிற செட்டில்தான் இருக்கிறேன். மருந்தைத் தொடுவதில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

எழுத்து வகுப்பும் அங்கேதான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆர்த்தி டீச்சர் என்றேனே, அவள் பேக்கிங்கில் வேலை செய்கிற பிள்ளை. பன்னிரண்டு வரை படித்தவள். நான் எழுதுகிற ஒவ்வொரு எழுத்தும் அந்த இடத்தில் கற்றது.

வியாழக்கிழமை. எழுத்துக் கூட்ட வந்ததும் கண்ணில் பட்டதை எல்லாம் வாசித்தேன். பஸ் போர்டு, தீப்பெட்டி லேபிள், சுவரொட்டி எதையும் விடவில்லை. அம்மா வேலை பார்த்து, வெடித்துப் போன செட்டை மறுபடி கட்டி, பழைய இடத்தில் பழையபடியே எழுதியிருக்கிறார்கள். இருபது வருடமாகப் பார்த்த எழுத்து. கம்பெனிப் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். ‘இந்த அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது’ என்று இருக்கிறது.

அது வெடித்த அன்றைக்கு சீசன் ஆர்டர். உள்ளே ஒன்பது பேர். அம்மா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த எழுத்துக்கு நேர் கீழே நின்று கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலையை எண்ணுகிறேன். ஐந்தாவது ஆள் இருந்தால் போர்டைச் சத்தமாக வாசிக்கிறேன். “கலெக்டரு வந்துட்டாக, எந்திரிங்கடி” என்று பெண்கள் கேலி செய்கிறார்கள். ஆனாலும் ஒருத்தி எழுந்து வெளியே வருகிறாள். போர்மேன் என்னை முறைக்கிறார். இதற்காகத்தான் போகிறேன் என்று உன்னிடம் சொல்லலாம். ஆனால் வாசிக்கத் தெரிவதற்கு முன்பே போய்விட்டேனே. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

லாரியைத் திருப்பித் தந்தார்களா? மைதாப் பசைதான், ஊறினால் டயர் அவிழ்ந்துவிடும். வெயிலில் வைக்காதே, அட்டை வளைந்துவிடும். நிழலில் காயப்போடு.

மகனே, இது உன் கைக்குக் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கோபமாகவே பேசு. அம்மா பெயரைச் சொல்லியும் ஏசு, கேட்டுக்கொள்கிறேன். போகாதீங்கப்பா என்று உன் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால், திங்கட்கிழமை நான் அந்த வேனில் ஏற மாட்டேன். நீ சொல்லாவிட்டால் ஏறிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

உன் கையைப் பிடித்துச் சொன்னதை மீறியவன் வாழ்த்தினால் பலிக்குமா என்று தெரியவில்லை. இருந்தாலும் வாழ்த்துகிறேன். மலைப்பாதையில் வளைவு பார்த்து ஓட்டு. நூறு வருடம் நன்றாக இரு.

இப்படிக்கு, சொந்தக் கையால் எழுதிய
உன் அப்பா
சங்கிலிமுத்து