மாதிரி பார்க்காத சரக்கு

மார்ச் 4

விமானத் தளத்திலிருந்து ஒரு தாடிக்கார அதிகாரி என் சுண்ணாம்புக் குடோனுக்கே வந்துவிட்டார். மாவாக அரைத்த சுண்ணாம்புத் தூள் வேண்டுமாம். மேகத்துக்கும் மேலே கொண்டுபோய்த் தூவினால் வெயிலில் கொஞ்சம் திரும்பிப் போய்விடுமாம், பூமிச் சூடு தணியுமாம். பல நாடுகள் சேர்ந்து செய்கிற வேலை. சுவருக்கு அடிக்கிற வெள்ளையை வானத்துக்கே அடிக்கப் போகிறார்கள்!

குத்தூசியைக் காட்டிக் கேட்டேன். “மூட்டையில இதைக் குத்திப் பார்க்காம நான் லோடு எடுக்கிறதில்ல சார். நீங்க விக்க வந்த குளிர்ச்சிக்கு மாதிரி எங்க?”

“கொஞ்சமாத் தூவினா ஒண்ணும் தெரியாதும்மா. முழுசாச் செஞ்சாத்தான் என்ன ஆகும்னு தெரியும்.”

மாதிரி காட்டாமல் விற்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 5

ஒத்துக்கொண்டேன். லாபத்துக்குத்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் லாபம் மட்டும்தானா? போன கோடையில் இதே தகரக் கூரையின் கீழ்தான் என் வீட்டுக்காரர் சூடு தாங்காமல் மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தார். ஓடிப்போய்த் தொட்டேன். பெண்டாட்டி தொட்டால் திரும்பாத மனுஷனா அவர் — வேண்டாம், எழுத வரவில்லை.

மே 20

தூவத் தொடங்கிய பிறகு இது இரண்டாவது கோடை. நட்டநடு மதியத்தில் ஆட்கள் லோடு ஏற்றுகிறார்கள். மேஸ்திரி சிரித்தார்: “வெயிலுக்கே வெள்ளையடிச்சிட்டீங்கம்மா!” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஐயா இருந்தப்பவே இது வந்திருக்கக் கூடாதா?” என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வானத்தில் நீலம் இல்லை. வெளுத்து வெளுத்து நைந்த துணிபோல் இருக்கிறது.

ஆகஸ்ட் 11

தம்பி போன் செய்தான். மலைக்கு அந்தப் பக்கம் அவனுக்கு மானாவாரிச் சோளம். மழையை நம்பித்தான் பிழைப்பு. போன வருடம் பாதி, இந்த வருடம் துளிகூட இல்லை.

“எப்படிடா இருக்கே?”

“நீ நிழல்ல இருக்கேல்ல, அது போதும்க்கா.”

சுருக்கென்றது. அவனே, “கோவிச்சுக்காதே, வாய் முந்திடுச்சு” என்றான். வாய் முந்தவில்லை, வயிறு முந்தியது.

ஆகஸ்ட் 13

தாடிக்காரரிடம் போனேன்.

“மழை எப்பவும் பொய்க்கிறதுதாம்மா. இதாலன்னும் சொல்ல முடியாது, இதால இல்லேன்னும் சொல்ல முடியாது. சில இடத்துல குறையலாம்னு முன்னாடியே எழுதியிருக்கோம்.”

“அந்தச் சில இடத்துல இருக்கிறவங்களை யாரு கேட்டா?”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

செப்டம்பர் 2

தம்பி மாடுகளை விற்றுவிட்டான். “நீயாவது சரக்கை நிறுத்துக்கா” என்று அழுதான். நான் நிறுத்தினால் இன்னொருவன் அனுப்புவான். சரி, எல்லோருமே நிறுத்தினால்? தாடிக்காரரிடம் அதையும் கேட்டேன்.

“படிப்படியாத்தான் குறைக்கணும்மா. சட்டுனு விட்டா, தடுத்து வெச்ச சூடு மொத்தமும் சில வருஷத்துலயே வந்து இறங்கும். புகை விடறதை இன்னும் யாரும் குறைக்கலையே.”

புலிவாலைப் பிடித்த கதைதான். பிடித்திருந்தால் தம்பி அழிகிறான். விட்டால் என் ஆட்கள் என் வீட்டுக்காரர் போன வழியில் போவார்கள். எந்தத் தராசில் இதை நிறுப்பது? லோடு போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அக்டோபர் 9

தம்பி போனை எடுக்கவில்லை. நேற்றும்தான்.

ஜனவரி 17

காலையில் குடோன் வாசலில் நின்றான். தோளில் ஒரு பை. ஆள் பாதியாகியிருந்தான்.

“வேலை இருக்காக்கா?”

“ஆபீஸ்ல உட்காருடா, என் கூட.”

“மண்ணு அள்ளத்தான் எனக்குத் தெரியும்.” நேரே லோடு ஏற்றும் இடத்துக்குப் போய்விட்டான்.

வழக்கம்போல் முதல் மூட்டையில் குத்தூசியை இறக்கினேன். அவன் கையை நீட்டினான். வெடித்த உள்ளங்கையில் தூளைத் தட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்தான்.

“இதுவா?”

“ஆமாம்டா.”

வீசியெறிவான் என்று நினைத்தேன். எறிந்திருக்கலாம். விதையைப் போடுகிறவனைப்போல, ஒரு பொட்டுச் சிந்தாமல் மூட்டைக்குள்ளேயே திரும்பப் போட்டான். அப்புறம் குனிந்து முதுகைக் காட்டினான். மேஸ்திரி மூட்டையை ஏற்றிவிட்டார்.