பதினொரு ஞாயிறுகள்

லூயிஷாம்,
4 மார்ச் 2025

தம்பி பாஸ்கரனுக்கு,

நீரும் நீர் போதகராயிருக்கும் ஹவுன்ஸ்லோ சபையாரும் கர்த்தரின் காவலில் இருக்க வேண்டுகிறேன். முழங்கால் வலியைத் தவிர நான் சுகம்.

என் கணவர் யாக்கோப்புப் போதகரின் வாழ்க்கையை நீர் எழுதிய பிரதியை வாசித்தேன். வன்னிக் காட்டுக்குள் சைக்கிள் உருட்டிப் போய் அவர் தொடங்கிய ஆறு சபைகளையும், யானைக்குப் பயந்து குளக்கட்டில் காவல் இருந்ததையும் ஒழுங்காக எழுதியிருக்கிறீர். சந்தோஷம். ஆனால் நாற்பத்திரண்டாம் பக்கம் வந்ததும் எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

1981இல் விளாத்திக்காட்டில், மலேரியாக் காய்ச்சலோடும் பதினொரு ஞாயிறு தவறாமல் எழுந்து நின்று பிரசங்கித்தாராம். எழும்பி நின்றாரோ? கக்கூசுக்குப் போகவே நான்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனேன். அந்தப் பதினொரு ஞாயிறும் ஓலைக் கொட்டிலில் நின்று பிரசங்கித்தது நான். பெண் பிரசங்கம் பண்ணினாள் என்று அறிந்தால் மிஷன் தலைமையகம் ஊழியத்தையே நிறுத்திவிடும் என்ற பயத்தில், மிஷன் பார்வையிடும் ஊழிய நாட்குறிப்பில் அவர் தன் பெயரை எழுதினார். பேனையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான், மறைக்கவில்லை. அது அன்றைக்கு மிஷனுக்குச் சொன்ன பொய். அதைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டாம். திருத்தும்.

அருள்நாயகி


ஹவுன்ஸ்லோ,
11 மார்ச் 2025

அன்பும் மரியாதையும் உள்ள அம்மா,

உங்கள் கடிதம் கண்டு மனம் வருந்தினேன். நாட்குறிப்பு ஐயாவின் கையெழுத்து. அதைப் பொய் என்று அச்சடித்தால் அவருடைய பெயர் என்னாகும்? எங்கள் சபையில் இன்றைக்கும் பெண்கள் பிரசங்கபீடத்தில் ஏறுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்தானே. சபைக் கமிட்டி ஒத்துக்கொள்ளாது.

"போதகருக்கு உறுதுணையாக நின்ற பாரியார்" என்று உங்களைப் பற்றி ஒரு பந்தி எழுதிச் சேர்க்கிறோம். வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் இருத்திப் பொன்னாடை போர்த்துவோம். கோபிக்க வேண்டாம்.

தங்கள் ஜெபங்களை நாடும்,
பாஸ்கரன்


லூயிஷாம்,
15 மார்ச் 2025

பாஸ்கரன்,

உறுதுணையோ! நல்லாயிருக்கு. பொன்னாடையை உம்முடைய கமிட்டித் தலைவருக்கே போர்த்திவிடும், லண்டன் குளிருக்கு உதவும்.

அவருடைய பெயர் என்னாகும் என்று கேட்கிறீர். சாகிறதுக்கு இரண்டு நாளைக்கு முதல் ஹொஸ்பிட்டல் கட்டிலில் அவரே சொன்னார்: "நாயகி, அந்தப் பதினொரு கிழமையும் நான் உன்னட்டைக் களவெடுத்தனான். மன்னிச்சுக்கொள்." "ஓம், விடுங்கோ," என்றேன். அவருக்கு இருந்த வெட்கம் உமக்கு இல்லை.

இன்னொன்றும் கேளும். ஆறாவது ஞாயிறு, லாசருவின் கல்லறையில் இயேசு அழுததைப் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். தகப்பனைப் புதைத்து மூன்று நாளான பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் கடைசிப் பாயில் இருந்து விக்கி விக்கி அழுதான். முடிந்ததும் என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு ஞானஸ்நானம் வேணும்," என்றான். இப்போது அதே ஆள், "ஐயாவின் பிரசங்கத்தைக் கேட்டே மனந்திரும்பினேன்" என்று புத்தகத்தில் சாட்சி எழுதியிருக்கிறான். அது நீர்! என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்த மனிசன், என்னிடமே நாட்குறிப்பைக் காட்டுகிறீரோ? உமக்கு நாக்கூசவில்லையா?

விழாவுக்கு வரமாட்டேன். இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

அருள்நாயகி


ஹவுன்ஸ்லோ,
7 ஏப்ரல் 2025

அம்மா,

எழுத வேண்டாம் என்றீர்கள். மீறி எழுதுகிறேன்.

சனிக்கிழமை விழா நடந்தது. புத்தகம் நீங்கள் வாசித்தபடியே அச்சாகிவிட்டது. அந்தக் குற்றம் என்னுடையது. என் சாட்சியை வாசிக்க எழுந்தேன். "ஐயாவின்" என்ற சொல்லோடு நிறுத்தித் தாளை மடித்தேன். சபை பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சொன்னேன்: "அண்டைக்கு விளாத்திக்காட்டில பிரசங்கம் பண்ணினது ஐயா இல்லை, அருள்நாயகியம்மா. எனக்கு நாப்பத்திநாலு வருசமாத் தெரியும்."

கமிட்டித் தலைவர் புவனேந்திரன் அண்ணை மைக்கைப் பறித்தார். பின்னால் ஒருவர், "பாஸ்டருக்கு விசர் பிடிச்சிட்டுதே?" என்று கேட்டார். அன்று பின்னேரமே கமிட்டி கூடி, இனி நான் அங்கே பிரசங்கிக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்துவிட்டது. உங்கள் கோபம் ஆற இது போதாது, தெரியும்.

நேற்று ஞாயிறு. முப்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்குப் போக ஒரு சபை இருக்கவில்லை. வருகிற ஞாயிறு உங்கள் வீட்டில் நீங்கள் பிரசங்கம் பண்ணுவீர்கள் என்றால், கேட்க வருகிறேன்.

பாஸ்கரன்