பன்னிரண்டு முதல் பதினாறு வரை

24 ஜனவரி 1947, வெள்ளவத்தை
மன்னாரிலிருந்து திரும்பினேன். இந்தப் பெரும்போகம் ஏக்கருக்கு இருபது புசல் நெல் கிடைக்கும் என்று விவசாயக் கந்தோர் அறிவித்துவிட்டது. அதைச் சொல்லி அங்கே கூப்பனுக்குத் தரும் பங்கீட்டு அரிசியைப் பாதியாக்கப் போகிறார்கள். கொட்டாஞ்சேனைக் கணித ரீச்சர் புளோறன்ஸ் பத்து வருட மழையையும் விளைச்சலையும் ஒப்பிட்டு, சீட்டுப் போட்டு எடுத்த நாற்பது வயல்களில் கதிர் எண்ணியிருக்கிறா. பன்னிரண்டு முதல் பதினாறு வரை என்கிறா.

கடைசி வயலுக்கு நானும் போனேன். ஊர்த் தலைவரான விதானையார் தெருவோர வயலையே காட்டினார். "கந்தோர்த் துரைமாருக்கும் இதைத்தான் காட்டுறனான். காரால இறங்கத் தேவையில்லை." புளோறன்ஸ் சீட்டை நீட்டினா. முழங்கால் சேற்றில் அரை மைல் நடந்தோம். அங்கே பாதி பதர்.

26 ஜனவரி
பத்திரிகை ஆசிரியர் தில்லைநாதன்: "பன்னிரண்டோ பதினாறோ, ஒண்டைச் சொல்லும். வாசகன் என்ன ஏலமா கேக்கிறான்?"
ஒற்றை எண் சொன்னால் பொய் என்றேன். முனகிக்கொண்டே அப்படியே போட்டார்.

3 பெப்ரவரி
கந்தோரிலிருந்து கடிதம். 'எத்தனை என்றே தெரியாத நிருபர்.' சனிக்கு முன் மன்னிப்புக் கேட்கட்டாம்.
"ரெண்டு வரிதானே, எழுதித் தாரும்," என்றார் தில்லைநாதன். "இல்லாட்டி உம்மை வைச்சிருக்க ஏலாது."
இருபத்தாறு வருடத்தில் பதினொரு பிழை விட்டேன். பதினொன்றையும் நானே திருத்தினேன். இது பிழையில்லை. எழுத மாட்டேன்.

8 பெப்ரவரி
மேசையைக் காலி செய்தேன்.

9 பெப்ரவரி
மனைவி றஞ்சிதம் சோறு போட்டபடி கேட்டாள்: "அந்தக் கணக்குப் பிழைச்சுப் போனா?"
"பிழைச்சா அண்டைக்கு மன்னிப்பு எழுதுவன். வெட்டாத நெல்லுக்கு இப்பவே ஏன் எழுதோணும்?" என்றேன்.
பிழைச்சுத்தான் போனால்? — நித்திரை வரவில்லை. ஆனாலும் எழுத மாட்டேன்.

2 ஏப்ரல்
மன்னாரில் நெல் வெட்டி, சூடடிப்பும் முடிந்தது. பதின்மூன்று புசல். கூப்பனை வெட்டவில்லை. 'எதிர்பாராத வறட்சி' என்கிறது கந்தோர். டிசம்பர் மழைக் கணக்கு அவர்களுடைய அலுமாரியிலேயே கிடந்தது!

21 மே
தில்லைநாதன் வீட்டுக்கு வந்தார். சிறுபோகத்துக்குக் கந்தோரின் அறிவித்தல் கையில்: 'ஒன்பது முதல் பன்னிரண்டு வரை.'
"இந்த முதல்-வரை எண்டா என்னெண்டு சனத்துக்கு விளங்க எழுதித் தாருமன். உம்மட மேசை அப்பிடியே கிடக்கு."
"புளோறன்ஸ் ரீச்சரின்ர பெயர் முதல் பந்தியில வரும்."
தேத்தண்ணியைக் கடைசிவரை குடித்தார். "வரட்டும். நாளைக்கு எத்தினை மணிக்குத் தருவீர்?"
"பத்து முதல் பன்னிரண்டு வரை," என்றேன்.